அவன் தண்ணிக்கு வரும் நேரம்

தோட்ட ஆபீஸில் கணக்குப் பார்க்கும் பெரிய கிராணி ஹியூபர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, தோளில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வழியாகக் காட்டோரம் நடந்து போனார். அது அந்தோணிதாஸின் துப்பாக்கி. அன்றைக்குத்தான் அவன் வில் செய்வதென்று முடிவெடுத்தான்.

மூங்கிலாத்து ரப்பர் தோட்டம் கோலசிலாங்கூரிலிருந்து உள்ளே பன்னிரண்டு மைல். அங்கே அந்தோணிதாஸ் பால்மரம் வெட்டுகிறவன். அதோடு, இளங்கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளைச் சுடுவதற்காகப் பழைய துரை அவன் பேரிலேயே லைசென்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தார். துப்பாக்கி அவன் காசில் வாங்கியது. வருஷத்துக்கு ஒரு தரம், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கடமான் ஒன்றை அடித்துக் கொண்டுவந்து லயத்தில் நாற்பது வீட்டுக்கும் பங்கு வைப்பான். கோயில் கும்பிடுகிற வீடு, வேதக்கார வீடு என்று பார்க்க மாட்டான். யாரிடமும் ஒரு சல்லி வாங்கியதில்லை.

நாற்பத்தெட்டில் அவசரகாலச் சட்டம் வந்ததும் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தான். "ஆபீஸ்ல பத்திரமா இருக்கும், அந்தோணி. எல்லாம் அடங்கினதும் நீயே வந்து எடுத்துக்கோ" என்று ஹியூபர்ட் கிராணி சொன்னார். ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதித் தரவில்லை. ஒரே மாதா கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் போடுகிற ஆள்தானே என்று இவனும் கேட்கவில்லை. மூன்று வருஷம் போயிற்று. லயத்தைச் சுற்றி முள்கம்பி வந்தது. கேட்டு வந்தது, கேட்டில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் வந்தார்கள். அரிசியை வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் கொடுத்தார்கள். காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு வாய்ச் சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாதென்றார்கள். துப்பாக்கி மட்டும் கிராணியின் தோளில் ஏறி ஊர்வலம் போயிற்று. 'தோட்டப் பாதுகாப்பு' என்று அதற்குப் பேர். அந்தப் பாதுகாப்பில் மாதம் ஒரு மான் விழுந்தது. தொடை துரை பங்களாவுக்கு, மிச்சம் ஆபீஸ் வீடுகளுக்கு. லயத்துக்கு வாசம் மட்டும் வந்தது.

அன்று மத்தியானம் அந்தோணிதாஸ் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தள்ளிவிட்டான். கருவாடும் மரவள்ளியும் இருந்தது.

"சோத்து மேல என்னாத்துக்குக் கோவம்?" என்றாள் அகதா.

"என் துப்பாக்கில சுட்ட மானு. அது வேகுற வாசத்த என் மூக்காலேயே மோந்துக்கிட்டு, கருவாட்டக் கடிக்கணுமா?"

"அதுக்கு? போய்ச் சண்ட போடப் போறீங்களா?"

"மான் அடிக்கப் போறேன்."

"எதால? கையாலயா?"

"வில்லால."

அகதா சிரிக்கவில்லை. அவளுக்கும் உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தது. போன மாதம் கேட்டில் அவள் துண்டை உதறி, ஒரு பிடிப் பொரிகடலையை மண்ணில் கொட்டி மிதித்திருந்தார்கள். "செய்யுறதா இருந்தா ஒழுங்கா யோசிச்சுச் செய்யுங்க" என்றாள்.

அவனுக்குத் துப்பாக்கி வேட்டை தெரியும். வில் வேட்டை தெரியாது. எண்பது கெஜத்தில் நிற்கிற மானைக் குண்டு தேடிப் போகும். அம்புக்கு மான் இருபது எட்டுக்குள் வந்தாக வேண்டும். இருபது எட்டில் மானுக்கு நம் மூச்சு கேட்கும், வேர்வை நாறும். அதுவும் இந்தக் காலத்தில் மானின் காதுக்கு மட்டும் பயந்தால் போதாது. அவன் வெட்டுகிற மரங்கள் நிற்கும் பதினாலாம் நம்பர் தீம்பாரை அடுத்து ஒரு ஓடை. ஓடைக்கு அக்கரை காடு. அக்கரையில் கால் வைத்தவனைக் கண்டதும் சுடலாம் என்று மூன்று பாஷையில் பலகை நட்டிருந்தார்கள்.

வில் நிபோங் பனையில் செய்தான். நாண் ஏற்றாதபோது அது நேராக, பால்வாளி தூக்குகிற காண்டாக் கம்பு மாதிரியே இருந்தது. இரண்டு முனையிலும் வாளியை மாட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டினால் யார் கேட்பார்கள்? அம்புக்குச் சிறுமூங்கில். தேய்ந்துபோன பால்கத்திகளை அரத்தால் ராவி முனை செய்தான். நாண், கோலசிலாங்கூர் மீன்காரர்கள் கட்டுகிற தார் பூசிய தூண்டில் கயிறு.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்களில் லயத்துக்குப் பின்னால் ஒரு கோணிச் சாக்கில் லாலாங் புல்லைத் திணித்து, இருபது எட்டு அளந்து எய்து பழகினான். முதல் வாரம் சாக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. மூன்றாவது வாரம் பத்துக்கு ஏழு சாக்கில் நின்றது. ஒளித்துச் செய்யவில்லை. லயமே பார்த்தது. ஹியூபர்ட் கிராணியும் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்.

"என்னா அந்தோணி, கூத்துல வேசம் கட்டப் போறியா?"

"ஆமாங்க கிராணி. வேடன் வேசம்."

அவர் சிரித்துக்கொண்டே பெடலை மிதித்துப் போனார்.

நேரம்தான் பெரிய சிக்கல். கடமான் விடியலிலும் அந்தியிலும் வெளியே வரும். அந்த இரண்டு நேரமும் மனிதர்கள் முள்கம்பிக்குள் அடைந்து கிடக்க வேண்டும். ஆனால் அது மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நின்றன, காட்டுக்குள் சதுப்பு வற்றிவிட்டது. பதினாலாம் நம்பர் ஓரம் ஓடையில் ஒரு பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தேங்கியிருந்தது. காலையில் பத்து மணிக்கு இல்லாத குளம்படி, பதினொரு மணிக்குப் பால் எடுக்கப் போகும்போது ஈரமாக இருந்ததை அவன் நான்கு நாள் தொடர்ந்து பார்த்தான். பெரிய கொம்பன். ஒரு பின்னங்கால் குளம்பு பிளந்தது.

கேட்டில் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் தங்கராஜு லயத்துப் பிள்ளைதான். அவனிடம் பேச்சுவாக்கில் கேட்டான்.

"பத்தேகாலுக்கு ரோந்து எங்க பக்கம் தாண்டிருமா?"

"பத்து பத்துக்கே தாண்டிரும்ணே. திரும்பப் பன்னெண்டு ஆவும். ஏண்ணே?"

"சும்மாதான் லா. சுட்டுறப் போறானுங்கன்னு பயம்."

தங்கராஜு காண்டாக் கம்பைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

இனிக் காற்று. காலையில் காற்று காட்டிலிருந்து வரும். பதினொன்றரைக்கு மேல் கடல்காற்று திரும்பிவிடும், பிறகு இவன் வாடை நேராக மானின் மூக்குக்குப் போகும். பதினொன்றுக்குப் பால் எடுக்க மணி அடிக்கும். ஆக, பத்தரையிலிருந்து பதினொன்று வரை அரைமணி நேரம். அதற்குள் உண்டு, இல்லையென்றால் இல்லை. காய்ந்த இலை காலடியில் நொறுங்குமே என்று, மரம் வெட்டுகிற சாக்கில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கி ஒரு தடம் எடுத்தான். ஆறு அம்புகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அங்கே ஒரு மரப்பொந்தில் வைத்தான்.

மானை நிறுத்தி வைக்க உப்பு வேண்டும். உப்பைக் கேட்டில் விட மாட்டார்கள். அதற்கு வழி சொன்னவள் அகதா. "உப்புத்தண்ணில துண்ட முக்கிக் காய வச்சுத் தாரேன். தலையில கட்டிட்டுப் போங்க. ஓடையில நனைச்சுக் கல்லு மேல புழிஞ்சுட்டு வாங்க. வேர்வைன்னு நெனச்சுக்குவானுங்க."

இத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. மிஷன் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவன். கோயில் காலண்டரில் கிழித்த போன மாதத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதினான். வேட்டைக்கு நாள் குறித்த பிறகு விலங்கின் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அவன் பழக்கம். எழுதும்போதும் அதையே செய்தான்.

*ரோந்து 10.10. மறுபடி 12. அவன் தண்ணிக்கு வரும் நேரம் 10.30. நான் ஒத்தை ஆள். இருபது எட்டு. பொந்தில் ஆறு. உப்பு துண்டில். சனிக்கிழமை.*

கீழே ஓடையும் பள்ளமும் தடமும் வரைந்தான். தாளை மடித்து இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னால் சொருகினான்.

புதன்கிழமை விடிகாலையில் ஒன்பதாம் நம்பர் தீம்பாரில் இருநூறு மரங்களின் பட்டையைக் காட்டுக்காரர்கள் கொத்திப் போட்டிருந்தார்கள். எட்டு மணிக்கு லோரிகளில் போலீஸ் வந்தது. லயத்தில் ஒவ்வொரு வீடாகச் சாமான்களை வெளியே வீசினார்கள். படத்தைக் கழற்றியபோது தாள் விழுந்தது.

வெள்ளைக்கார அதிகாரி, முப்பது வயது இருக்கும், தாளை ஹியூபர்ட் கிராணியிடம் நீட்டினார். கிராணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறை மனதுக்குள் படித்தார். அந்தோணிதாஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓரமாக ஒரு சிரிப்பு வந்து போனதை அவன் பார்த்தான். புரிந்துவிட்டது, சொல்லிவிடுவார் என்று நினைத்தான்.

கிராணி இங்கிலீஷில் படித்தார். அந்தோணிதாஸுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் எண்கள் தெரியும். 'ட்வென்ட்டி எய்ட் மென்' என்று அவர் சொன்னது காதில் தெளிவாக விழுந்தது.

"இருபத்தெட்டு ஆளா? கிராணி! அது காலடி! இருபது எட்டு!" என்று கத்தினான். "வில்லு! நீங்க பாத்தீங்களே! சைக்கிள நிறுத்திப் பாத்தீங்களே!"

கிராணி கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அவன் கையைப் பின்னால் கட்டினார்கள். அகதா வாசலில் நின்று கிராணியின் பெயரைச் சொல்லி, அவர் அம்மாவின் பெயரையும் சொல்லி ஏசியது லோரி திரும்பும்வரை கேட்டது.

போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் மஸ்தான் என்கிற பெரியவர். நாகூர்ப் பக்கத்துக்காரர், தொப்பியும் பொத்தான் போட்ட கோட்டும் போட்டிருப்பார். எட்டு நாளாக அதே கேள்விதான்.

"அந்த 'அவன்' யாருன்னு கேக்குறாரு."

"மானு, பாய்."

"மானப் போயி அவன்னு சொல்லுவாங்களா தம்பி?"

"வேட்டைக்கு நாள் குறிச்சிட்டா பேரச் சொல்ல மாட்டேன். மூணு வருசமா வேட்டைக்கே போவல. துப்பாக்கிய வாங்கிட்டானுங்க. அதயும் சொல்லுங்க."

"உப்ப யாருக்குக் கொண்டுபோன?"

"மானுக்கு."

"பொந்துல ஆறுன்னா? துப்பாக்கியா?"

"அம்பு. போயி எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. இவ்ளோ பெரிய பட்டாளம், ஒரு மரப்பொந்துல கைய விட்டுப் பாக்க ஆளு இல்லயா?"

"ரோந்து நேரத்த யாரு சொன்னது?"

தங்கராஜுவின் முகம் மனதில் வந்தது. "யாரு சொல்லணும்? தெனமும் என் மூக்குக்கு முன்னாடி பூட்ஸ் காலோட போறானுங்க. எனக்குக் கண்ணு இருக்கு."

மூன்றாம் நாள் இதே பதிலுக்கு ஒருத்தன் கன்னத்தில் அறைந்தான். ஐந்தாம் நாளும் பதில் மாறவில்லை. தோட்டத்துக்கு டெலிபோன் போட்டுக் கேட்டதாகவும், வில் எதையும் பார்த்ததாக ஞாபகமில்லை என்று கிராணி சொன்னதாகவும் மஸ்தான் வந்து சொன்னபோது, அந்தோணிதாஸ் சுவரில் தன் தலையால் முட்டினான். அடி வாங்கியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அழுகையல்ல அது. கொல்ல வேண்டும் போல வந்த கோபம், போக வேறு வழியில்லாமல் கண் வழியாக வந்தது.

எட்டாம் நாள் அதிகாரிக்கே சலித்துப்போயிருக்க வேண்டும். பொந்தில் கை விட்டுப் பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார். ஆறு அம்புகளும், லயத்திலிருந்து காண்டாக் கம்பும் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை அவனைப் பின்முற்றத்துக்குக் கூட்டிப்போனார்கள். சுவரோரம் மணல்மூட்டை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். போலீஸ்காரர்கள் வேடிக்கை பார்க்க வட்டமாக நின்றார்கள்.

"எய்து காட்டச் சொல்றாரு" என்றார் மஸ்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "பட்டுட்டா வேட்டைக்காரன். படலேன்னா பொய்க்காரன். பாத்து எய்யி, தம்பி" என்றார்.

எட்டு நாள் கட்டிக் கிடந்த மணிக்கட்டு வீங்கியிருந்தது. நாண் ஏற்றவே இரண்டு தரம் வழுக்கியது. யாரோ சிரித்தார்கள். அம்பை இழுத்தபோது மூட்டை இருந்த இடத்தில் கண்ணாடியை மடித்துப் பையில் வைக்கிற கை தெரிந்தது. அம்பு மூட்டைக்கு மேலே போய்ச் சுவரில் மோதி முறிந்தது. சிரிப்பு பெருத்தது. அவன் வில்லைத் தாழ்த்தினான். நடந்துபோய் மூட்டையிலிருந்து ஒவ்வொரு எட்டாக வாய்விட்டு எண்ணிக்கொண்டு வந்தான். ஒன்று, இரண்டு, மூன்று. இருபதில் நின்று திரும்பினான். இரண்டாவது அம்பு மூட்டையின் நடுவில் இறகுவரை ஏறியது. மூன்றாவது அதற்கு நாலு விரல் தள்ளி. நான்காவதை யாரும் எய்யச் சொல்லவில்லை. அவனாகவே எய்தான். அதுவும் ஏறியது.

சிரிப்பு நின்றது. அதிகாரி மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கைதட்டினார். வந்து வில்லை வாங்கி வளைத்துப் பார்த்தார், அவன் தோளில் தட்டினார், ஏதோ நீளமாகச் சொன்னார்.

"ஒன்ன விட்டுட்டாங்க" என்றார் மஸ்தான். "வில்லு இங்கேயே இருக்கட்டும்ங்குறாரு. அவரு ஊட்டுச் செவுத்துல மாட்டப் போறாராம். இந்தக் கலாட்டா எல்லாம் முடிஞ்ச பொறவு ஒன்னோட ஒரு நாளு வேட்டைக்கு வரணும்னு ஆசப்படுறாரு."

அந்தோணிதாஸ் அந்த வெள்ளை முகத்தைப் பார்த்தான். அதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அறைந்தவன்மேல்கூட இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

"ஒம்பது நாளு என்னய அடைச்சு வச்ச. என் துப்பாக்கிய எடுத்த, இப்ப வில்லயும் எடுத்துக்கிட்ட. ஒன்னோட நான் வேட்டைக்கு வந்தா மானச் சுட மாட்டேன்னு சொல்லுங்க, பாய்."

மஸ்தான் அதிகாரியிடம் திரும்பிப் புன்னகையோடு இரண்டு வார்த்தை சொன்னார். 'தேங்க் யூ' மட்டும் அந்தோணிதாஸுக்குக் கேட்டது.

"நான் சொன்னதச் சொல்லுங்க!"

மஸ்தான் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "சொல்லிட்டு நான் ஊட்டுக்குப் போயிருவேன். நீ எங்க போவ, தெரியுமா? எனக்கும் மூணு பொண்ணு இருக்கு, தம்பி. போ. திரும்பிப் பாக்காம போ."

வெளியே மழைமரத்தடியில் அகதா நின்றாள். ஒன்பது நாளில் நான்கு முறை வந்திருக்கிறாள், பஸ்ஸிலும் நடந்தும். அவனைக் கண்டதும் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை.

"ஏன் எழுதுனீங்க?" என்றாள். "மனசுல வச்சுக்க முடியாதா? எழுதி சாமி படத்துக்குப் பின்னால வேற வச்சீங்களே!"

"எழுதுனது தப்பு இல்ல."

"தப்பு இல்லாமத்தான் மூஞ்சி வீங்கிக் கெடக்கா?"

பஸ் இறங்கித் தோட்டத்துக்கு நடக்கிற இரண்டு மைலும் அவள் திட்டிக்கொண்டே வந்தாள். பாதி தூரத்தில் திட்டு அவனை விட்டுக் கிராணிக்கு மாறியது. அதன்பிறகுதான் அவன் தலை நிமிர்ந்து நடந்தான்.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நூறு பேர் வரிசையில் நின்றார்கள். துரை ஓரமாகக் காரில் சாய்ந்திருந்தார். கிராணி பேர் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். அந்தோணிதாஸ் பேரைக் கூப்பிட்டதும், இவன் பதில் சொல்லாமல் வரிசையை விட்டு வெளியே வந்தான்.

"கிராணி, அது மானுன்னு ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் படிச்சீங்க."

"இருந்ததப் படிச்சேன். வரிசைல நில்லு."

"இருபது எட்டு வச்சு அளந்தத இருபத்தெட்டு ஆளுன்னு படிச்சீங்க. நாலாவது படிச்ச எனக்குத் தெரியுது. ஆபீஸ்ல நாக்காலி போட்டு ஒக்காந்திருக்க ஒங்களுக்குத் தமிழ் தெரியாதா?"

பெண்கள் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிராணியின் கழுத்து சிவந்தது.

"ஞாயித்துக்கெழம பூசைல என் பக்கத்துலதான நாக்க நீட்டி நன்மை வாங்குறீங்க? அந்த நாக்குலதான 'ஞாபகம் இல்ல'ன்னு சொன்னீங்க? என் துப்பாக்கில மான் அடிக்கிறீங்களே, அது ஞாபகம் இருக்கா? எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க, அது யாரு துப்பாக்கி?"

கிராணி துரையைத் திரும்பிப் பார்த்தார். துரை என்னவென்று கேட்டார். கிராணி இங்கிலீஷில் பதில் சொன்னார். மதியத்துக்குள், வேலை இல்லை, வீட்டைக் காலி செய் என்று இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ் வந்துவிட்டது. பதினேழு வருஷம் வேலை செய்த தோட்டம். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தரும் அவனோடு வெளியே வரவில்லை. அதையும் அவன் மறக்கவில்லை, மன்னிக்கவுமில்லை. ஆனால் பொழுது சாயும் முன் ஐந்தாறு வீட்டிலிருந்து முட்டை வந்தது, ஊறுகாய் வந்தது, ஒரு புதுக் கைலி வந்தது. கொண்டுவந்தவர்கள் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

சுங்கை பஞ்சாங்கில் அகதாவின் அண்ணன் ராஃபேல் நெல் வயலில் கூலிக்கு இருந்தான். அங்கே போவதென்று முடிவாயிற்று. மறுநாள் காலை லோரிக்குக் காத்து மூட்டைகளோடு கேட்டுக்கு வந்தார்கள். கேட்டில் தங்கராஜு நின்றான். வெளியே போகிற எதையும் சோதிக்க வேண்டும் என்பது உத்தரவு. அவன் கை மூட்டைக்கு நீளவில்லை.

"அண்ணே, நான்…"

"சோதி" என்றான் அந்தோணிதாஸ். அவனே குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தான். வேட்டி, சேலை, பாத்திரம், திருஇருதயப் படம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக உதறிக் காட்டினான். "நல்லாப் பாரு. செபமாலைக்குள்ள பாரு. குண்டு இருக்கும்."

அரிசிச் சாக்கு வந்தது. மிச்சமிருந்த வார அரிசி, மூன்று படி இருக்கும். பெர்மிட் இல்லாமல் அதை வெளியே விட முடியாது. தங்கராஜு கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

அகதா சாக்கை அவன் பூட்ஸ் காலுக்குப் பக்கத்தில் வைத்தாள். "மண்ணுல கொட்டாத. ஒன் பொண்டாட்டி தாயம்மாகிட்ட குடு. புள்ள உண்டாகி இருக்கா."

தங்கராஜு அழத் தொடங்கிவிட்டான். யூனிஃபார்ம் கையால் முகத்தைத் துடைத்தான். அந்தோணிதாஸ் மூட்டையைக் கட்டி முடித்து நிமிர்ந்தான். நெஞ்சில் கோபம் அப்படியே எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் தங்கராஜு அழுவதைப் பார்க்க முடியவில்லை.

"அழாத. எட்டு நாளும் கேட்டானுங்க. ஒன் பேரு என் வாயில வரல" என்றான். "கேட்டத் தொற."

தங்கராஜு திறந்தான். லோரி வந்து நின்றது. முதலில் அகதாவை ஏற்றிவிட்டு, மூட்டைகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, அவன் பின்பலகையைப் பிடித்து ஏறிக்கொண்டான்.